பக்கத்து வெள்ளரியின் சாம்பலுக்கு என் ரோஜா பொறுப்பா?

தம்மைப் பற்றிய விவரங்களை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். கடிதத்தின் சாரம் இது. அவர் தம் வேலியோரமாக 12 ரோஜாச் செடிகளும், உள்ளே இரண்டு பாத்தி பட்டாணியும், சில மிளகாய்ச் செடிகளும் வளர்க்கிறார். வேலிக்கு அப்பால் பக்கத்துக்காரர் வெள்ளரி போட்டிருக்கிறார். முதலில் ரோஜாவின் இளந்தளிர்களில் வெள்ளை மாவு படிந்து இலைகள் சுருண்டன. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் வெள்ளரி இலைகளும் மாவைச் சலித்துத் தூவியதுபோல் ஆயின. "உங்கள் ரோஜாவிலிருந்துதான் என் வெள்ளரிக்கு வந்தது, ரோஜாவை வேரோடு பிடுங்குங்கள், நஷ்டத்திலும் ஒரு பங்கைக் கொடுங்கள்" என்று பக்கத்துக்காரர் கேட்கிறார். ஒரு மருந்துக் கடையில் "சாம்பல் நோய்" என்று சொல்லி வாங்கிய மெட்டலாக்சில் கலந்த மருந்து சிறிதும் கேட்கவில்லை. அடுத்து வாங்கிய அசாக்ஸிஸ்ட்ரோபின் முதல் இரண்டு முறை நன்றாகக் கேட்டது. ஐந்தாம் முறை தெளித்தபோது தண்ணீர் தெளித்ததற்கும் அதற்கும் வேறுபாடே தெரியவில்லை. அது போலி மருந்தோ என்று அவருக்குச் சந்தேகம். ஈரத்தால் வரும் நோய் என்று கேள்விப்பட்டு, செடிகளுக்குத் தண்ணீர் விடுவதையும் பாதியாகக் குறைத்துவிட்டார். இதற்கிடையில் வெள்ளரிச் சாம்பல் நோய்க்கு மூன்று புத்தகங்களில் மூன்று பெயர்களைப் பார்த்துக் குழம்பிப்போய், "பூசணத்தின் பெயரையே முடிவு செய்ய முடியாத அறிவியல் என் ரோஜா குற்றவாளியா இல்லையா என்பதை எப்படி முடிவு செய்யும்?" என்று கேட்கிறார். நான்கு செடிகளின் இலைகளையும் காகிதத்தில் பொதிந்து கடிதத்துடன் அனுப்பியிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ரோஜாவைப் பிடுங்க வேண்டாம். வெள்ளரியில் வந்திருக்கும் நோய் உங்கள் ரோஜாவிலிருந்து வந்ததற்கு வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். பெயர்க் குழப்பத்தைப் பற்றி நீங்கள் கோபமாக எழுதியிருந்தாலும், உங்கள் ரோஜாவைக் காப்பாற்றுவது அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் வகைப்பாடுதான். எனவே அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரே வெள்ளை, வேறு வேறு பூசணம்

சாம்பல் நோய் என்பது ஒரு நோயின் பெயர் அன்று. எரிசிபேசியே என்ற ஒரு முழுக் குடும்பம் உண்டாக்கும் நோய்களுக்கான பொதுப்பெயர். இக்குடும்பத்தில் ஏறத்தாழ 900 சிற்றினங்கள் இருக்கின்றன; அவை தொற்றும் தாவரங்களோ ஏறத்தாழ 10,000. அத்தனையும் பூக்கும் தாவரங்கள்; பெரணிகளிலோ பைன் மரங்களிலோ இந்நோய் வருவதில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிவதால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த வெள்ளையின் ஒவ்வொரு துகளும் பெரும்பாலும் தனக்கென்று ஒரு செடியை, அல்லது நெருங்கிய உறவுள்ள சில செடிகளைத்தான் எதிர்பார்த்துக் காற்றில் பறக்கிறது.

காரணம் அவற்றின் வாழ்க்கை முறை. இப்பூசணங்கள் உயிருள்ள செல்லிலிருந்து மட்டுமே உண்ணும் முழு ஒட்டுண்ணிகள். ஊட்டக்கூழ் வைத்து ஆய்வகத் தட்டில் வளர்க்கலாம் என்றால் வளராது. செத்த இலையிலும் வளராது. இலையின் மேல்தோலில் படரும் இழை, தோல் செல்லின் சுவரைத் துளைத்து, உள்ளே ஹாஸ்டோரியம் என்ற உறிஞ்சுறுப்பை நுழைக்கிறது. செல் சாகக் கூடாது; செத்தால் பூசணத்துக்கும் சோறு இல்லை. ஆகவே அந்தச் செடியின் தற்காப்பை ஓசைப்படாமல் அடக்கிவைத்து, செல்லை உயிரோடு கறந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு வீட்டுப் பூட்டுக்குச் செய்த சாவி அடுத்த வீட்டுக்குப் பொருந்தாததுபோல, ரோஜாவின் தற்காப்பை அடக்கக் கற்ற பூசணம் வெள்ளரியின் தோலில் முளைத்தாலும் உள்ளே புகுந்து நிலைக்க முடியாமல் மடிந்துவிடுகிறது. கோதுமையும் பார்லியும் ஒரே புல் குடும்பம். அப்படியிருந்தும் கோதுமைச் சாம்பல் பூசணம் பொதுவாகப் பார்லியில் வளர்வதில்லை. ரோஜாவுக்கும் வெள்ளரிக்கும் இடையே அந்த அளவு உறவுகூட இல்லை.

உங்கள் நான்கு செடிகளுக்கும் வழக்கமாக வரும் பூசணங்கள் எவை என்று சொல்கிறேன். ரோஜாவுக்கு வருவது பொடோஸ்பேரா பன்னோசா. பன்னோசா என்ற சொல் கந்தல் துணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; நீங்கள் அனுப்பிய ரோஜாக் குச்சியில் முள்ளின் அடியைச் சுற்றிக் கம்பளித் துண்டுபோல் ஒட்டியிருந்த வெண்படலத்தைப் பார்த்தால் பெயர் வைத்தவர் எதைப் பார்த்து வைத்தார் என்பது புரியும். இது ரோஜாவையும், அதே குடும்பத்தைச் சேர்ந்த பீச் போன்ற சில மரங்களையும் தாக்கும். பட்டாணிக்கு வருவது எரிசிபே பைசி. வெள்ளரிக் குடும்பத்துக்கு இரண்டு பேர்: பொடோஸ்பேரா சாந்தீ, மற்றொன்று கோலோவினோமைசிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. மிளகாய்க்கு வருவது லெவில்லுலா டாரிகா.

இதில் ஒரு விதிவிலக்கை மறைக்க விரும்பவில்லை. லெவில்லுலா இந்தக் கட்டுப்பாட்டுக்கு அவ்வளவாக அடங்காதது. பல குடும்பங்களைச் சேர்ந்த செடிகளில் அது பதிவாகியிருக்கிறது. வெள்ளரியும் அவற்றுள் ஒன்று. அப்படியானால் ரோஜாவை விட்டுவிட்டு மிளகாயைக் கூண்டில் ஏற்றலாமா என்று பக்கத்துக்காரர் கேட்கலாம். ஆனால் லெவில்லுலா இலைமேல் படர்வதோடு நில்லாமல் இலைத்துளைகள் வழியே உட்புகுந்து திசுவுக்குள் வாழும். மேற்பரப்பில் மஞ்சள் திட்டும், நேர் கீழே அடிப்பரப்பில் மங்கிய வெள்ளையும் தெரியும். உங்கள் மிளகாய் இலை அப்படித்தான் இருக்கிறது. வெள்ளரி இலையில் இருப்பதோ மேற்பரப்பில் வட்ட வட்டமாகப் படர்ந்து விரலால் தேய்த்தால் வரும் மாவு. இரண்டும் ஒன்றல்ல.

நுண்ணோக்கியில் பார்த்தது

நீங்கள் பாலிதீன் உறையைத் தவிர்த்துக் காகிதத்தில் பொதிந்து அனுப்பியது மிக நல்ல காரியம். பாலிதீனில் வந்திருந்தால் அழுகல்தான் கிடைத்திருக்கும். பட்டாணி இலையில் வெள்ளைக்கு நடுவே மிளகுப்பொடி தூவியதுபோல் கருப்புப் புள்ளிகள் இருந்தன. ஊசி முனையால் ஒன்றை எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் வைத்து, மேல்தகட்டை மெல்ல அழுத்தினேன். பழுப்புநிறக் கூடு வெடித்தது. உள்ளிருந்து முட்டைவடிவப் பைகள் பல வெளியே வழிந்தன. அந்தக் கூடுதான் காஸ்மோதீசியம். பழைய பெயர் கிளிஸ்டோதீசியம். உள்ளிருக்கும் பைகள் ஆஸ்கஸ்கள். அவற்றுக்குள் இருப்பவை பாலினப்பெருக்கத்தால் உண்டான வித்துகள். இந்தப் பையால்தான் இக்குடும்பம் பைப்பூசணங்கள் எனப்படும் ஆஸ்கோமைக்கோட்டாவில் சேர்கிறது. கூட்டுக்குள் பல பைகள் இருந்தால் எரிசிபே, ஒரே ஒரு பை இருந்தால் பொடோஸ்பேரா என்று பிரிப்பது பாலபாடம். பட்டாணியில் பல பைகள் இருந்தன. ரோஜாப் பூசணத்தின் கூட்டில் எப்போதும் ஒன்றே இருக்கும். எனவே உங்கள் தோட்டத்துக்குள்ளேயே ரோஜாவும் பட்டாணியும் ஒன்றுக்கொன்று நோயைக் கொடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளரி இலையில் கூடுகள் இல்லை. வெறும் கொனிடியாக்கள், அதாவது பாலிலா வித்துகள் மட்டும். அவை காய்ந்து சுருங்கிப்போய்விட்டன. பறித்த அன்றே பார்த்தால் ஒரு சொட்டு 3 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அவற்றின் உள்ளே குச்சி குச்சியாக மின்னும் ஃபைப்ரோசின் துணுக்குகள் இருக்கின்றனவா என்று தெரியும். இருந்தால் பொடோஸ்பேரா, இல்லையென்றால் கோலோவினோமைசிஸ். காய்ந்த வித்தில் அதை நம்பிச் சொல்ல முடியாது.

ஒரு நேர்மையான குறிப்பும் சேர்க்க வேண்டும். ஃபைப்ரோசின் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ரோஜாவின் பூசணமும் பொடோஸ்பேராதானே, அதிலும் ஃபைப்ரோசின் உண்டே என்று யாராவது மடக்கலாம். உண்மைதான். பேரினம் ஒன்று, சிற்றினம் வேறு. கொனிடியாவை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரிப்பது கடினம். அங்கே தீர்ப்புச் சொல்வன இரண்டு: ஒன்று மரபணு வரிசை, மற்றொன்று செடியே. இந்த இரண்டாவது சாட்சியை உங்கள் வீட்டிலேயே விசாரிக்கலாம். அதற்குப் பின்னர் வருகிறேன்.

பெயர்கள் ஏன் மாறின

உங்கள் மூன்று புத்தகங்களில் இருந்த பெயர்கள் எரிசிபே சிகோரேசியாரம், ஸ்பீரோதீகா ஃபுலிஜினியா, பொடோஸ்பேரா சாந்தீ. மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டீர்கள். உண்மையில் பின்னிரண்டும் வெள்ளரியைப் பொறுத்தவரை ஒரே பூசணத்தின் பழைய பெயரும் புதிய பெயரும். முதற்பெயர் அந்த மற்றொரு பூசணத்தின், அதாவது இன்று கோலோவினோமைசிஸில் வைக்கப்பட்டிருப்பதன், பழைய பெயர். ஆக, புத்தகங்கள் சொல்வது இரண்டு பூசணங்களைத்தான்.

1753-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் சாம்பல் பூசணங்களை மியூகார் எரிசிபே என்று ஒரே பெயரில் அடக்கிவிட்டார். 1851-இல் பிரெஞ்சு அறிஞர் லெவெய்யே, அந்தக் கருப்புக் கூடுகளை நுண்ணோக்கியில் பார்த்து, உள்ளே ஒரு பையா பல பைகளா, கூட்டைச் சுற்றியுள்ள மயிர்கள் எப்படி இருக்கின்றன என்பவற்றை வைத்துப் பேரினங்களை வகுத்தார். மயிர் நுனி கொக்கிபோல் வளைந்திருந்தால் அன்சினூலா; நுனி மரக்கிளைபோல் பிரிந்து பிரிந்து சென்றால் பிற்காலத்தில் மைக்ரோஸ்பேரா என்று பெயர்பெற்றது; வெறும் இழைபோல் தளர்ந்து கிடந்தால் எரிசிபே. அழகான, கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய முறை. ஒன்றரை நூற்றாண்டு நாங்கள் எல்லாரும் அதைத்தான் படித்தோம். தேர்வில் அந்த மயிர்களை வரையாத தாவர நோயியல் மாணவர் இருக்கமாட்டார்.

1990-களின் இறுதியில் டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிட்டபோது அம்முறை சரிந்தது. மயிரின் வடிவம் குலத்தைக் காட்டவில்லை, வாழுமிடத்தைத்தான் காட்டியது. இலையுதிர் மரங்களில் வாழும் பூசணத்துக்குக் கூடு மரப்பட்டையில் தொற்றிக்கொள்ள வேண்டும்; அதற்குக் கொக்கி உதவும். பருவம் முடிந்ததும் மடியும் சிறுசெடியில் வாழ்வதற்குக் கொக்கியால் பயனில்லை. இப்படித் தேவைக்கேற்ப மயிர் பலமுறை தனித்தனியே மாறியிருக்கிறது. மாறாகக் கொனிடியா ஒவ்வொன்றாக உண்டாகிறதா, மணிமாலைபோல் வரிசையாகவா, உள்ளே ஃபைப்ரோசின் உண்டா என்ற, முன்பு இரண்டாம்பட்சமாக மதிக்கப்பட்ட அடையாளங்கள்தாம் குலத்தோடு ஒத்துப்போயின. அதனால் அன்சினூலாவும் மைக்ரோஸ்பேராவும் எரிசிபேயில் கரைந்தன. ஸ்பீரோதீகா பொடோஸ்பேராவில் கரைந்தது. கொனிடியாவை மாலையாகத் தொடுக்கும் கோலோவினோமைசிஸ் எரிசிபேயிலிருந்து பிரிந்து நின்றது. ஃபுலிஜினியா என்ற பெயர் இன்று வெரோனிகா செடியின் பூசணத்துக்கு உரியது. வெள்ளரியின் பூசணத்துக்குச் சாந்தீ என்ற பெயர் நிலைத்தது.

பாலிலாப் பருவத்துக்கு ஒரு பெயர், பாலினப் பருவத்துக்கு வேறொரு பெயர் என்று ஒரே பூசணத்துக்கு இரட்டைப் பெயர் வைக்கும் வழக்கமும் இருந்தது. 2011-இல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு அதை ஒழித்தது. திராட்சையின் சாம்பல் பூசணம் ஓயிடியம் டக்கேரி, அன்சினூலா நெகேட்டார் என்றெல்லாம் அழைக்கப்பட்டு இன்று எரிசிபே நெகேட்டாராக நிற்பதும் இந்த வழியில்தான். குடும்பத்துக்கு மேலே உள்ள படியிலும் மாற்றம் உண்டு: எரிசிபேலஸ் என்று தனித் துறையாகச் சில நூல்களும், ஹெலோஷியேலஸ் துறைக்குள் ஒரு குடும்பமாகப் புதிய ஆய்வுகள் சிலவும் வைக்கின்றன. இது உங்கள் வேலிச் சண்டையைப் பாதிக்காது, விட்டுவிடலாம்.

பெயர் மாறியது என்பதால் அறிவியல் தடுமாறுகிறது என்று பொருளில்லை. ரோஜாவின் பூசணம் வெள்ளரியின் பூசணம் அன்று என்பதில் எந்தக் காலத்து வகைப்பாட்டுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை, லின்னேயஸின் அந்த ஒற்றைப் பெயரை நீக்கிப் பார்த்தால்.

மருந்துகள்: இரண்டு தவறுகள், இரண்டும் பெயரால் வந்தவை

முதல் மருந்து கேட்காததற்குக் காரணம் நம் தமிழ்ப் பெயரேதான். சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் என்று நாம் ஒட்டிப் பிறந்தவைபோல் பெயர் வைத்திருக்கும் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அடிச்சாம்பலை உண்டாக்கும் ஊமைசீட்டுகள் உண்மையான பூசணங்களே அல்ல. பழுப்புநிறக் கடற்பாசிகளின் தூரத்து உறவினர். அவை இலையின் அடியில் வளரும், முளைக்க இலைமேல் நீர்ப்படலம் தேவை. மெட்டலாக்சில் அந்தக் கூட்டத்தை மட்டுமே கொல்லும். சாம்பல் பூசணத்தின் மேல் அதற்குப் பிடிமானமே இல்லை. கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. "சாம்பல்" என்ற சொல் அவர் காதில் "அடிச்சாம்பல்" ஆகியிருக்கும். அடுத்த முறை பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல், வெள்ளை இலையின் மேலா கீழா, தேய்த்தால் வருகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது மருந்து போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. போலி என்றால் முதல் இரண்டு முறை கேட்டிருக்காது. அசாக்ஸிஸ்ட்ரோபின் பூசணத்தின் சைட்டோகுரோம் பி என்ற புரதத்தில் ஒட்டி அதன் மூச்சை அடைக்கிறது. அப்புரதத்தில் 143-ஆம் இடத்தில் உள்ள கிளைசின் என்ற அமினோ அமிலம் மாறி அலனின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்துவிட்டால் மருந்து ஒட்டாது. கோடிக்கணக்கான வித்துகளில் சிலவற்றில் இந்த மாற்றம் இயல்பாகவே இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. சாதகமான தட்பவெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் ஒரு தலைமுறை என்ற வேகத்தில் பெருகும் உயிரினத்தில், ஒரே மருந்தைத் தொடர்ந்து ஐந்து முறை தெளித்தால் வேறென்ன நடக்கும்? வெள்ளரிச் சாம்பல் பூசணம் பெனோமில் மருந்துக்கு இதேபோல் எதிர்ப்பு காட்டியது 1969-இலேயே பதிவானது. வேறு கம்பெனி மருந்துக்கு மாறுவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ட்ரைஃப்ளாக்ஸிஸ்ட்ரோபினும் அதே இடத்தில் ஒட்டும் அதே குழு மருந்துதான். புட்டியும் விலைச்சீட்டும் மாறும், பலன் மாறாது.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு என் தெரிவு நனையும் கந்தகம், அதாவது நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பயன்பட்டும் சாம்பல் பூசணங்கள் அதை வெல்லவில்லை. அது ஒரே இடத்தில் தாக்காமல் பல இடங்களில் தாக்குவதே காரணம். ஆனால் மூன்று எச்சரிக்கைகள். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் தெளிக்காதீர்கள். நான் பணிக்கு வந்த புதிதில் ஓர் உச்சி வெயில் நாளில் தெளிக்கச் சொல்லி, மறுநாள் போய்ப் பார்த்தபோது இலை விளிம்பெல்லாம் அப்பளம்போல் கருகியிருந்தது. பூசணமும் போயிருந்தது என்பதுதான் ஆறுதல். வேப்பெண்ணெய் முதலிய எண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். வெள்ளரி, முலாம்பழ வகைகளில் சில கந்தகத்தைத் தாங்காது. பக்கத்துக்காரருக்குச் சொல்வதானால் ஓரிரு இலைகளில் தெளித்துப் பார்த்துவிட்டுத் தொடரச் சொல்லுங்கள். கந்தகம் வருமுன் காப்பதற்கே சிறந்தது. வெள்ளை கெட்டியாகப் படர்ந்துவிட்ட தளிரை வெட்டி எடுத்த பிறகு தெளிப்பதே முறை, ஏனெனில் ரோஜாவில் பூசணம் மொட்டுச் செதில்களுக்குள் ஒளிந்து அடுத்த பருவத்தைப் பார்க்கும். கந்தகம் பிடிக்காதவர்கள் பொட்டாசியம் பைகார்பனேட் தெளிக்கலாம். இடையே ஒருமுறை, அசாக்ஸிஸ்ட்ரோபினிலிருந்து வேறான வழியில் தாக்கும் டிரையசோல் குழு மருந்து ஒன்றைச் சேர்ப்பதானால், அதையும் அடுத்தடுத்துத் தெளிக்க வேண்டாம். எதுவானாலும் சீட்டில் உள்ள அளவும், அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்களும் மீறக்கூடாதவை.

தண்ணீரைக் குறைத்தது

இதை இன்றே மாற்றுங்கள். பெரும்பாலான பூசண வித்துகள் முளைக்க இலையில் நீர் நிற்க வேண்டும். சாம்பல் பூசணம் அந்த விதிக்கு விலக்கு. அதன் கொனிடியா முளைப்பதற்கான நீரைத் தன்னுள்ளேயே சுமந்துகொண்டு வருகிறது. காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும். இலைமேல் நீர் தேங்கினால் அதன் முளைப்புக் கெடும். மழையில்லாத, பகலில் மிதமான வெப்பமும் இரவில் ஈரக்காற்றும் உள்ள நாட்களே அதற்குக் கொண்டாட்டம். வேரில் தண்ணீரைக் குறைத்ததால் பூசணத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வாடியது உங்கள் செடிதான். அதற்காக ரோஜாவைத் தினமும் குளிப்பாட்டவும் வேண்டாம். இலை நீண்ட நேரம் நனைந்திருந்தால் கரும்புள்ளி நோய் வரும். நிழலைக் குறைத்து, நெருக்கமான கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள். தழைச்சத்து உரத்தைச் சில வாரங்களுக்கு நிறுத்துங்கள். கொழுகொழுவென்ற இளந்தளிர்தான் அதற்கு விருப்பமான மேய்ச்சல்.

பக்கத்துக்காரரிடம் என்ன சொல்வது

அவர் கண்ணால் பார்த்தது பொய்யில்லை: முதலில் ரோஜா வெளுத்தது, பிறகு வெள்ளரி வெளுத்தது. ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. இரண்டு பூசணங்களுக்கும் ஏறக்குறைய ஒரே பருவம் பிடிக்கும். இளந்தளிர் நிறைந்த ரோஜா முதலில் காட்டிக்கொடுத்தது. திராட்சைத் தோட்டங்களில் வரிசை முனைகளில் ரோஜா நடும் பழக்கம் உண்டு. ரோஜாவில் வெள்ளை தெரிந்தால் திராட்சைக்கும் காலம் நெருங்கிவிட்டது என்று பழைய தோட்டக்காரர்கள் அறிந்துகொள்வார்கள்; அங்கும் இரு செடிகளின் பூசணங்கள் வேறு வேறுதான். உங்கள் ரோஜாவும் அப்படி ஒரு சாட்சி. வெள்ளரியின் பூசணமோ காற்றில் வெகுதூரம் வரக்கூடியது. சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகள் சிலவற்றிலும் பொடோஸ்பேரா சாந்தீ பதிவாகியிருக்கிறது. அவருடைய நிலத்து வரப்பில் வெளுத்த களைகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நான் வழக்கறிஞன் அல்லன்; சட்டம் என்ன சொல்லும் என்று நான் எழுதுவது முறையாகாது. ஆனால் தவறு உங்களுடையது என்று எழுத்தில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். அதற்குப் பதில் அவரையே அழைத்து ஒரு சோதனை செய்யுங்கள். நோயில்லாத இடத்தில் வளர்த்த வெள்ளரி நாற்றுகள் ஒன்பதை எடுத்து, மும்மூன்றாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று தள்ளி, மெல்லிய துணிக்கூடு போட்டு வையுங்கள். முதல் மூன்றின் இலைகளில் ரோஜா இலை மாவை மென்தூரிகையால் தடவுங்கள். அடுத்த மூன்றில் வேறு தூரிகையால் அவருடைய வெள்ளரி இலை மாவைத் தடவுங்கள். கடைசி மூன்றைத் தொடவே வேண்டாம். தூரிகையை அவர் கையிலேயே கொடுங்கள். பிறகு யாரும் யாரையும் சந்தேகிக்க இடமிருக்காது. பத்து நாட்களுக்குள் இரண்டாம் கூட்டத்தில் வெள்ளை வட்டங்கள் தெரியும். முதல் கூட்டம் தொடாத கூட்டத்தைப் போலவே பச்சையாக இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. மூன்றாம் கூட்டமும் வெளுத்துவிட்டால் காற்றில் வித்து புகுந்துவிட்டது என்று பொருள். இன்னும் தள்ளி வைத்து மறுபடி செய்ய வேண்டும். எழுத்துமூலம் ஆதாரம் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தால், இருவர் இலைகளையும் பறித்த அன்றே வேளாண் கல்லூரி ஒன்றின் பயிர் நோயியல் துறைக்குக் கொண்டுபோய் மரபணு வரிசை பார்க்கச் சொல்லலாம். செலவும் நாளும் ஆகும். நாற்றுச் சோதனை முடிந்தபின் அதற்குத் தேவை இருக்காது என்று நினைக்கிறேன்.

பி.கு.: பட்டாணி இலைகளில் கரும்புள்ளியிட்ட சிறிய மஞ்சள் வண்டுகள் மேய்வதாகவும், அவற்றைக் கொல்ல எதைத் தெளிக்கலாம் என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். அவை நடமாடும் இடத்தில் இலை கடிபடாமல் வெள்ளை மட்டும் துடைத்ததுபோல் போயிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அவை சாம்பல் பூசணத்தையே உண்ணும் பொறிவண்டுகள். எதையும் தெளிக்க வேண்டாம். இலைப்பச்சை சுரண்டப்பட்டு, நரம்புகள் மட்டும் வலைபோல் மிஞ்சியிருந்தால் அவை இலை தின்னும் வேறு வண்டுகள். அவற்றைக் கையால் பொறுக்கி எடுத்துவிடலாம்.